தோட்டத்துக் குடியிருப்பு யாருக்கு ஆகும்?

காங்கேயத்தில் இருந்து வெள்ளகோவில் சாலையிலோ தாராபுரம் சாலையிலோ கொஞ்ச தூரம் போனாலே வீடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடும். இருபக்கமும் கிளுவை வேலி, நடுவே இட்டேரி என்னும் வண்டித்தடம், அதற்குள் அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு ஓட்டு வீடு. அடுத்த வீடு கண்ணுக்குத் தெரியும், கூப்பிட்டால் கேட்காது. தலைமுறை தலைமுறையாக இருக்கும் இந்தக் குடியிருப்பு முறைக்கு இப்போது புதுக் கிராக்கி வந்திருக்கிறது. கோவையிலும் திருப்பூரிலும் உழைத்து ஓய்ந்தவர்கள் ‘பண்ணை நிலம்’ என்று 25 சென்ட், 50 சென்ட் வாங்கி வீடு கட்டுகிறார்கள். நல்ல காற்று, அமைதி, வீட்டுப் பால் என்று ஆசை காட்டுகிறது விளம்பரம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நாங்களும் இதையேதான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பெருமையை உரசிப் பார்க்கும் காலம் வந்துவிட்டது.

உரசிப் பார்க்க நான் எடுத்துக்கொள்ளும் கல் ஒன்றுதான்: வண்டி ஓட்ட முடியாத ஒருவர் அங்கே எப்படி வாழ்கிறார்? வண்டி ஓட்டத் தெரிந்தவருக்குத் தோட்டமும் டவுனும் கிட்டத்தட்ட ஒன்று. ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் இருந்தால் போதும், மளிகை, புண்ணாக்கு, மருந்து எல்லாம் ஒரு நடையில் முடியும். அவரை வைத்துத் தோட்டத்து வாழ்க்கையை எடைபோடுவது சுலபம், தப்பும்கூட.

எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்தில் ஒரு ஆத்தா இருக்கிறார். எண்பதைத் தொட்டவர். பிரஷர் மாத்திரை தீர நான்கு நாள் இருக்கும்போதே, பால் எடுக்க வரும் பையனிடம் காலி அட்டையைக் கொடுத்தனுப்புவார். “இந்த அட்டையவே காட்டி வாங்கியாந்துரு சாமி, நெறம் மாறிப்போனா எனக்கு வெளங்காது” என்பார். பையன் ஒருநாள் வராவிட்டால் மாத்திரையும் வராது. மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளின் படிப்புக்காகக் காங்கேயத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். பள்ளி வேன் இட்டேரிக்குள் வருவதில்லை, மெயின்ரோட்டில்தான் நிற்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம். நியாயமான காரணம்தான்.

பழைய தோட்டத்தில் மட்டும் என்ன வசதி இருந்தது என்று கேட்கலாம். பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் 1960களின் நடுவில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி ஆராய்ந்து, கொங்குக் குடியானவர் சமூகம் பற்றிய தம் நூலை 1972-இல் வெளியிட்டார். எந்தச் சாதியார் யாருக்கு என்ன வேலை செய்தார்கள், கூலி எப்படி அளந்தார்கள் என்பதெல்லாம் அதில் விரிவாக வருகிறது. அந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டால் ஒன்று தெளிவாகும்: தோட்டத்து வீடு தனி வீடாக இருந்ததே இல்லை. நாவிதர் வாசலுக்கு வந்தார், வண்ணார் வந்து துணி எடுத்துப் போனார், சட்டி பானை தேடி வந்தது. பண்ணை வேலைக்கு இருந்த மாதாரிக் குடும்பம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. களத்தில் தானியம் அளந்து இதற்கெல்லாம் ஈடு கட்டினார்கள். தோட்டத்துக்காரர் ஊருக்குள் போகாமலே ஊர் அவரிடம் வந்தது. வந்தவர்களின் முதுகில் ஏறி வந்தது.

அந்த ஏற்பாடு உடைந்தது நல்லது. பனியன் கம்பெனிக் கூலியும் பள்ளிக்கூடமும் அந்தக் குடும்பங்களை விடுவித்தன. அது திரும்பி வரவே கூடாது. ஆனால் அந்த உழைப்பின் மேல் நின்ற வீட்டை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு, கீழே என்ன போனது என்று யோசிக்காமலே இருந்துவிட்டோம். போன இடத்தில் மோட்டார் வண்டி வந்து உட்கார்ந்தது. பஸ்ஸும் ரேஷன் கடையும் ஆஸ்பத்திரியும் இருந்த இடத்திலேயே நின்றன. 1997-இல் மினி பஸ் வந்தபோது கொஞ்சம் விடிந்தது. 2025 ஜூனில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டம் இன்னும் சில தடங்களைத் திறக்கக்கூடும். காங்கேயத்துக்கு ரயிலே கிடையாது. பஸ்தான் எல்லாம், அது ஊரடியோடு திரும்பிவிடும்.

தண்ணீர்க் கணக்கு இன்னும் கடினம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் ஊர் இது. ஆண்டுக்குச் சுமார் 600 மி.மீ. மழை, கீழே கடும் பாறை, அதன் வெடிப்பில் நிற்கும் நீர்தான் நீர். ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீருக்குப் பதில் புகை வந்த காடுகளை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலின் கடைமடையில் இருப்பதால் தண்ணீர் கேட்டு வெள்ளகோவில், காங்கேயம் விவசாயிகள் பலமுறை போராட வேண்டியிருந்தது. குடிநீருக்கு 2019-இல் அறிவித்த ஜல் ஜீவன் திட்டம் 2024-க்குள் கிராமத்து வீடு ஒவ்வொன்றுக்கும் குழாய் தரும் என்றது. கெடு இப்போது 2028-க்குத் தள்ளிப் போயிருக்கிறது. அடுத்தடுத்த வீடுகள் உள்ள தெருவில் ஒரே குழாய் நாற்பது வீட்டுக்குப் போகும். அதே நீளக் குழாய் இட்டேரிக்குள் ஒரே வீட்டில் முடிந்துவிடும். இந்தக் கணக்கை எந்த அதிகாரியும் மாற்ற முடியாது.

கேரளத்திலும் வீடுகள் சிதறித்தானே கிடக்கின்றன என்று சிலர் சொல்வார்கள். பொருந்தாது. 2011 கணக்கெடுப்பில் கேரளத்தில் சதுர கிலோமீட்டருக்கு 860 பேர். வீடு விலகி நின்றாலும் ஒவ்வொரு வளைவிலும் கடையும் பஸ் நிறுத்தமும் தாங்கும். கிணறு தோண்டினால் தண்ணீர் வரும் மண். காங்கேயத்து மேய்ச்சல் காட்டில் இந்த இரண்டும் இல்லை.

இனிப் பாதுகாப்பு. 2024 நவம்பர் இறுதியில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் தாய், தகப்பன், மகன் மூவரும் கொல்லப்பட்டார்கள். 2025 மே தொடக்கத்தில் சிவகிரிப் பக்கம் தோட்டத்து வீட்டில் வயதான தம்பதி கொலையானது தெரியவந்தது. இந்த இரண்டுக்கும் பிறகு கொங்கு நாட்டில் தோட்டத்து வீட்டில் பெற்றோரை விட்டிருக்கும் எந்தப் பிள்ளையும் நிம்மதியாகத் தூங்கியிருக்க முடியாது. கேமரா வைத்தார்கள், ரோந்து வரும் என்றார்கள். வந்தவன் யார் என்று கேமரா பிறகு சொல்லும். சத்தம் கேட்டு ஓடிவர ஆள் வேண்டும். நாய் குரைத்தால் எழுந்து பார்க்கப் பக்கத்தில் ஒரு குடும்பம் இருந்த காலத்துக் கட்டடம் தோட்டத்து வீடு. இன்று தெருநாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்து ஆட்டைக் கடித்துப் போட்டாலும் காலையில்தான் தெரிகிறது. செத்த ஆடுகளோடு விவசாயிகள் சாலைக்கு வந்ததைக் காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரம் அண்மையில் பார்த்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு, தோட்டத்தை விட்டு வந்துவிடு என்பதுதான் தீர்ப்பா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனம் மட்டும் காரணமில்லை. கொரங்காடு என்ற மேய்ச்சல் முறை, உடையவர் அங்கேயே இருப்பதால்தான் நிற்கிறது. கொழுக்கட்டைப்புல் முளைத்த புஞ்சையைக் கிளுவை வேலியால் சில ஏக்கர் துண்டுகளாகப் பிரித்து, மாட்டை ஒன்றில் மேய்த்து மற்றதை ஆற விடுவார்கள். வேலி உயிரோடு அடர்ந்திருப்பதால் மேய்ப்பவன் வேண்டாம். ஆனால் எந்தத் துண்டு ஆறியது, வெள்வேல மரத்துக் காய் எப்போது உதிரும், வேலியில் சந்து எங்கே விழுந்தது என்று தினம் நடந்து பார்க்கும் கண் வேண்டும். காங்கேயம் மாடு இந்தக் காட்டில்தான் உருவானது. டவுனில் இருந்து வாரம் ஒருமுறை வந்து போகிறவர் இதைச் செய்ய முடியாது. இங்கே குடியிருப்பதே வேலையின் பாதி.

பண்ணை நில வீடு தோற்பது இந்த இடத்தில்தான். அதை வாங்குகிறவர் குடியிருப்பை வாங்குகிறார், வேலையை வாங்குவதில்லை. 25 சென்ட்டில் மாடு மேயாது. துண்டு போடும்போது முதலில் போவது கிளுவை வேலி. கல்தூணும் கம்பியும் வரும். பக்கத்துக் கொரங்காடும் சீர்குலையும். சட்டத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. முறையாக மனை பிரித்தால் பாதையையும் பொது இடத்தையும் தானப் பத்திரம் போட்டு உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். மனை என்று சொல்லாமல் புஞ்சை என்றே எழுதி விற்றால் பாதை ஊராட்சிக்கு வராது. தெருவிளக்கு, குழாய், சாக்கடை எதையும் கேட்க வாங்கியவருக்குப் பிடி இல்லை. அறுபது வயதில் வாங்குகிறவர் எழுபத்தைந்தில் இதை உணர்வார். அப்போது விற்கவும் ஆள் கிடைக்காது. இதை வாங்க வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன்.

தோட்டம் உடையவர்களுக்கு என் முடிவு வேறு. நம் குடும்பங்கள் இன்று செய்திருக்கும் பங்கீடு தலைகீழாக இருக்கிறது. வண்டி ஓட்டத் தெரிந்த, உடம்பில் தெம்புள்ள நாற்பது வயதுக்காரர் டவுனில் இருக்கிறார். எண்பது வயது ஆத்தா இட்டேரிக்குள் தனியாக இருக்கிறார். இந்த நிலம் தாங்கக்கூடியது இதற்கு நேர் எதிரான ஏற்பாடு. மேல்நிலைத் தொட்டியும் பஸ்ஸும் கோயிலும் நாலு வீட்டுச் சத்தமும் உள்ள ஊரடியில் சின்னதாக ஒரு வீடு வயதானவர்களுக்கு வேண்டும். தோட்டத்தில் படுக்க வேண்டியது மகன். பிள்ளைகள் ஆத்தாவோடு ஊரடியில் இருந்து வேன் ஏறலாம். ஊராட்சி தன் பங்குக்கு ஒவ்வொரு இட்டேரி முனையிலும் எண் எழுதிய பலகை நட்டாலே 108 ஓட்டுநருக்குப் போனில் “கருப்பராயன் கோயலுக்கு மேக்கால போற தடமுங்க” என்று இருட்டில் வழி சொல்லித் திணற வேண்டியிருக்காது.

இதைச் சொன்னால் ஆத்தாக்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். “நாம் போயிட்டா மாட்ட ஆரு பாப்பா?” என்பார்கள். அந்தக் கேள்விக்கு ஆத்தா பதில் தேட வேண்டியதில்லை. பதில் சொல்ல வேண்டியவர் காங்கேயத்தில் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறார்.