உடுப்புக்கு உடையவர்

பழைய ராணுவக் கோட்டு ஒன்று கைக்குக் கிடைத்தால் அதை முதலில் போட்டிருந்தவர் யார் என்று கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. சேகரிப்பாளர்கள், மியூசியக்காரர்கள், ஏலம் விடுகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் போகிறார்கள். பொத்தானில் படைப்பிரிவு தெரியும். தோள்பட்டையில் பதவி தெரியும். மார்புப் பட்டிகளில் எந்தெந்தப் போர் என்பது தெரியும். பிறகு உள்பையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அங்கே தையல்கடைச் சீட்டு இருக்கும், அதில் மையால் எழுதிய பெயரும் தேதியும். பெயர் கிடைத்தால் போதும், அச்சில் வந்த அதிகாரிகள் பட்டியலில் ஆள் கிடைத்துவிடுவார். வாழ்க்கை வரலாறு, கல்லறை, பேரன் பேத்தி எல்லாம் பின்னாலேயே வரும்.

இது அதிகாரிகளுக்கான முறை. பிரிட்டிஷ் அதிகாரி தன் உடுப்பைத் தன் பொறுப்பில், தனக்குப் பிடித்த கடையில் அளவு கொடுத்துத் தைத்துக்கொண்டவர். கோட்டு அவருடைய சொத்து. சிப்பாய்க்குக் கிடைத்ததோ சர்க்கார் உடுப்பு. அதில் சர்க்காரின் அம்புக்குறி முத்திரை இருக்கும், அளவு எண் இருக்கும், சிப்பாயின் எண் இருந்தால் உண்டு. அந்தச் சட்டையிடம் போய் உன் முதல் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் அது ஒழுங்காகவே பதில் சொல்கிறது: சர்க்கார். உள்ளே இருந்தவன் அதைக் கொஞ்ச காலம் சுமந்தவன், அவ்வளவுதான். சொத்துடையவனைத் தேடப் பழகிய கண்ணுக்குச் சொத்தில்லாதவன் தென்படமாட்டான். முறை தவறிவிட்டது என்றுகூடச் சொல்ல முடியாது. அது தன் வேலையைச் செய்துவிட்டது.

இதைப் பழங்கதை என்று தள்ள வேண்டாம். 2022 ஜனவரி 15 அன்று இந்திய ராணுவம் தன் புதிய போர்க்கள உடுப்பை வெளியிட்டது. அந்த ஆண்டே அதன் வடிவத்தைத் தன் பெயரில் சொத்துரிமையாகப் பதிவும் செய்துகொண்டது. வெளியே யாராவது தைத்து விற்றால் வழக்கு. கவரைப்பேட்டையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எங்கள் மாவட்டத்திலேயே ஆவடியில் 1961 முதல் ராணுவ உடுப்புத் தொழிற்சாலை இருக்கிறது. 2021 அக்டோபரில் அது ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் என்ற அரசுக் கம்பெனிக்குள் சேர்க்கப்பட்டது. அங்கே துணி வெட்டியவர், தைத்தவர், காஜா எடுத்தவர் யாருடைய பெயரும் எந்தச் சட்டையிலும் இல்லை. லண்டன் தையல்கடைக்காரன் பெயர் மட்டும் நூறு வருஷம் கழித்தும் சீட்டில் நிற்கிறது.

சரி, எண் இருக்கிறதே, அதை வைத்துப் பிடிக்கக் கூடாதா என்று கேட்கலாம். எண்ணுக்கு ஏடு வேண்டும். 1940 செப்டம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் முதல் உலகப்போர்ச் சிப்பாய்களின் பணிப்பதிவுகளில் பாதிக்கு மேல் லண்டனில் எரிந்துபோயின. 1973 ஜூலை 12 அன்று அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் ஆவணக் கிடங்கு எரிந்தபோது, 1912க்கும் 1960க்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் பதிவுகளில் 80 சதவீதம் போயிற்று. இவையெல்லாம் இருந்து எரிந்தவை. காலனிகளின் கதை வேறு. எழுதினால்தானே எரிவதற்கு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் குழு 2021 ஏப்ரலில் தன் அறிக்கையை வெளியிட்டது. முதல் உலகப்போரில் செத்தவர்களில் குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் ஆப்பிரிக்கர்களும் மேற்காசியாவைச் சேர்ந்தவர்களும், பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று அது ஒப்புக்கொண்டது. இந்தியர்கள் உட்பட மேலும் 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள்.

அதே 2021இல் லாகூர் மியூசியத்தில் கிடந்த பஞ்சாப் ஏடுகள் வெளிச்சத்துக்கு வந்தன. ஊர் ஊராக 3,20,000 பேர். நல்ல காரியம். ஆனால் பஞ்சாபி 'வீர இனம்' என்று வெள்ளைக்காரனால் பட்டம் கட்டப்பட்டவன். 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தலைமை தாங்கிய ராபர்ட்ஸ் தமிழனையும் தெலுங்கனையும் போருக்கு லாயக்கில்லாதவன் என்று முடிவுகட்டினார். பிறகு இந்தியப் படை முழுவதற்கும் தளபதியானதும் அதைக் கொள்கையாகவே நடத்தினார். மதராஸ் பயனீர் படைகள் 1933இல் கலைக்கப்பட்டன. மதராஸ் ராஜதானியின் சேரிகளிலிருந்து ஆள் எடுத்த படை இது. பறையர்களுக்குக் கூலியும் காலில் பூட்சும் கொடுத்த படை. அந்தக் கோட்டுகள் எங்கே? மூர் மார்க்கெட்டுக்கு ஒரு சில வந்து சேர்ந்திருக்கலாம். 1985இல் அதுவும் எரிந்தது.

உடுப்பு என்பதே ஆளை அழிக்கிற எழுத்து என்று சொல்லிவிட்டு இங்கே நிறுத்திக்கொள்ள நம்மில் பலருக்கு ஆசை வரும். ஃபூக்கோ சிப்பாயின் உடம்பிலிருந்து தொடங்கித்தான் பணியவைக்கப்பட்ட உடல்களைப் பற்றிப் பேசுகிறார், அது நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் வேலூரை என்ன செய்வது? 1806 ஜூலை 10இல் வெடித்த அந்தக் கலகத்துக்கு உடனடிக் காரணங்களில் ஒன்று உடுப்பு: தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகை, நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது. நெற்றிக்குறியை அழித்தது காலனிய வன்முறை என்று எழுதுகிறோம், சரிதான். அணிவகுப்பில் நிற்கிறபோது எவன் நாமம், எவன் வெறும் நெற்றி என்பது தெரியாமல் போவதில் வெறும் நெற்றிக்காரனுக்கு என்ன நஷ்டம் என்றும் கேட்டாக வேண்டும். சுயத்தை அழிக்கிறது என்று நாம் திட்டுகிற அதே உடுப்பு சிலருக்குச் சேரியைத் தாண்டிப்போகிற உடையாகவும் இருந்திருக்கிறது. அம்பேத்கரின் தகப்பனார் ராம்ஜி ராணுவத்தில் சுபேதார் என்பதை மறந்துவிடக் கூடாது.

அழித்த குறி வேறு பக்கமாக வந்து சேர்கிறது. படையோடு வண்ணாரும் போனார். துப்பாக்கி பிடிக்காத, 'பின்தொடர்வோர்' என்ற கணக்கில் வருகிற ஆள். நூறு பேருடைய ஒரே மாதிரிச் சட்டையை வெளுத்து, யாருடையதை யாரிடம் கொடுப்பது? சேராங்கொட்டைச் சாற்றைத் தொட்டு காலரின் உள்பக்கம் ஒரு புள்ளி, ஒரு கோடு, ஒரு வளைவு. எத்தனை வெள்ளாவி வைத்தாலும் போகாத கறை. எழுத்துத் தெரியாதவர் என்று நாம் முடிவுகட்டி வைத்திருக்கும் ஒருவரின் எழுத்து இது. போட்டவருக்கு மட்டுமே முழுதாகப் படிக்கத் தெரியும். பெயர் தெரியாத பிணங்களை அடையாளம் காண்பதற்குப் போலீசே நெடுங்காலம் வண்ணான் குறியைத் தேடி அலைந்தது. சேகரிப்பாளர்களின் விவரக்குறிப்பில் இது 'அடையாளம் தெரியாத மைக்கறை' என்று போகிறது. ராணுவ முத்திரை சட்டை யாருக்குச் சொந்தம் என்கிறது. வண்ணார் குறியோ சட்டை யாரிடம் திரும்பிப் போக வேண்டும் என்கிறது. இரண்டும் ஒன்றல்ல. இந்தக் குறியைப் புனிதமாக்கவும் நான் தயாராக இல்லை. வண்ணாருக்கு வெளுத்தே ஆகவேண்டிய கட்டாயம், புதிரை வண்ணாருக்கு அதற்கும் கீழே ஒரு கட்டாயம். அந்தக் கட்டாயத்திலிருந்து பிறந்த எழுத்துதான் இது.

இவ்வளவும் பழைய கோட்டுகளைப் பற்றிய பொழுதுபோக்காக நின்றிருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். 2023 ஜூன் 29 அன்று முல்லைத்தீவு மாவட்டம் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் போடப் பள்ளம் தோண்டியபோது எலும்பும் துணியும் வந்தன. துணி, விடுதலைப் புலிகளின் பெண் போராளிகள் உடுத்திய உடுப்பு என்று செய்தி வந்தது. இலக்கத் தகடுகளும் கிடைத்தன. 2024 ஜூலையில் தோண்டுவது முடிந்தபோது கணக்கு 52 பேர். அகழ்வுக்குப் பொறுப்பேற்ற பேராசிரியர் ராஜ் சோமதேவா தன் இடைக்கால அறிக்கையில் இவர்கள் 1994க்கும் 1996க்கும் இடையில் புதைக்கப்பட்டவர்கள் என்றார். உடுப்புக்கு ஏறக்குறைய முப்பது வயது.

இங்கே மறுபடியும் அதே முறை. பொத்தான், துணி, தகடு: புலிகள். முடிந்தது. அடையாளம் கண்டாயிற்று என்று கோப்பை மூடுவதற்கு இதைவிட வசதி கிடையாது. சீருடையில் செத்தால் போரில் செத்ததாகத்தானே அர்த்தம் என்று வாதிடுவார்கள். 1995 ஜூலையில் மணலாற்று முகாம்கள் மீது புலிகள் நடத்திய தாக்குதலில் அவர்கள் பக்கம் ஏராளமானவர்கள், பெண்கள் பலர், செத்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் பிடிபட்டவளின் உடம்பிலும் அதே சட்டைதான் இருந்திருக்கும். சட்டை அவள் எந்த இயக்கம் என்று சொல்லும், எப்படிச் செத்தாள் என்று சொல்லாது. அதை எலும்பு சொல்லக்கூடும், சாட்சி சொல்லக்கூடும். கொக்குத்தொடுவாய் 1984இல் தமிழர்கள் விரட்டப்பட்ட ஊர். போர் முடிந்த பிறகுதான் திரும்பினார்கள். நடுவில் அந்த மண்ணில் குழி வெட்டக்கூடியவர் யார் என்ற கேள்வியை உடுப்பிடம் கேட்டுப் பயனில்லை.

தகட்டிலக்கத்துக்கும் ஏடு வேண்டும். அந்த ஏடு இயக்கத்திடம் இருந்தது. 2009க்குப் பிறகு அந்த ஏட்டைத் திறந்து காட்ட இயக்கம் இல்லை. கிடைத்தாலும் அதில் முதலில் வருவது இயக்கப் பெயர். பெற்றவள் வைத்த பெயர் அதற்கும் அடியில். அரசு எண் கொடுத்து ஆளை மறைத்தது என்று திட்டுகிற நாம், விடுதலைக்குப் போன இயக்கமும் எண் கொடுத்தது, பெயரை மாற்றியது, வீட்டை மறக்கச் சொன்னது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். இதைச் சொன்னால் துரோகி என்பார்கள். சொல்லட்டும். தகட்டைக் கழுத்தில் போட்டதும் செத்தால் ஆளைத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான், அதையும் மறுக்கவில்லை.

செம்மணியில் 2025 ஆகஸ்ட் 5 அன்று வேறொன்று நடந்தது. புதைகுழியிலிருந்து எடுத்த துணிமணிகளையும் பொருள்களையும் நீதிமன்ற உத்தரவின்பேரில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். நிபுணரின் மேஜையிலிருந்து துணி அதைத் தோய்த்தவர்கள், தைத்தவர்கள் முன்னால் போயிற்று. பார்க்க வருகிற தாய் பொத்தானைப் பார்க்கமாட்டாள். உள்பாவாடை ஓரத்தில் தான் போட்ட தையல், வேறு நிற நூலால் அடைத்த கிழிசல், பாவாடை நாடாவில் பழக்கமான முடிச்சு, இதைத்தான் தேடுவாள். சீருடைக்கு உள்ளே போட்டிருந்த துணி வீட்டுத் துணியாக இருக்கலாமே.

கவரைப்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷன் கும்மிடிப்பூண்டி. அங்கே ஈழத்திலிருந்து ஓடிவந்தவர்களின் முகாம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. 2021இல் அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். இங்கிருந்து ஒரு அம்மா முல்லைத்தீவுக்குப் போய் ஒரு துணியைப் பார்க்க வேண்டுமானால் கலெக்டர் ஆபீஸ், கியூ பிராஞ்ச், துணைத் தூதரகம் எல்லாம் தாண்ட வேண்டும். அவள் இந்த வயதில் எங்கே அலைவாள். கொக்குத்தொடுவாயில் எடுத்த ஒவ்வொரு துணியும், உள்ளாடை உட்பட, உள்பக்கமும் வெளிப்பக்கமும் படம் எடுக்கப்பட்டு, கும்மிடிப்பூண்டியிலும் மண்டபத்திலும் மற்ற முகாம்களிலும் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். காணாமல்போனோர் அலுவலகமும் முல்லைத்தீவு நீதிமன்றமும் முடிவெடுத்தால், தமிழ்நாட்டு அரசு கேட்டு வாங்கினால் நடக்கக்கூடிய காரியம். அந்தப் படங்களைப் பார்க்க வருகிற பெண்களின் பெயரைக் கியூ பிராஞ்ச் குறித்துக்கொள்ளாது என்று எழுத்தில் உத்தரவாதமும் வேண்டும். இல்லாவிட்டால் யாரும் வரமாட்டார்கள்.