விளைவிப்போர்க்கு மானியம், வாங்குவோர் எங்கே?

விளைநிலம் முதல் வாங்குவோர் கூடைவரை ஒரு பொருள் செல்லும் வழியெங்கும் இயற்கைக்கு ஊறு நேராமலும் கழிவு மிகாமலும் காக்கும் ஏற்பாட்டையே பசுமை வழங்கல் தொடர் என்கின்றனர். இத்தொடரில் தேவை திடீரெனப் பிறழ்ந்தால் அரசின் உதவி எந்த அளவு பயன்தரும் என்பதைப் பொருளியலார் கணக்கிட்டு வருகின்றனர். அவர்களுடைய எளிய கணக்கில் ஆக்குவோர் ஒருவர், விற்போர் ஒருவர், மானியம் தரும் அரசு ஒன்று. தேவை சிறிதே பிறழ்ந்தால் விலையைத் திருத்தினாற் போதும். பெரிதும் பிறழ்ந்தால்தான் உற்பத்தித் திட்டத்தை மாற்ற வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிபுகளுள் ஒன்று.

கணக்கு நேர்த்தியானதே. ஆயினும் நம் சிங்கப்பூரின் அனுபவம் அதன் குறையொன்றைக் காட்டுகிறது.

உணவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்குமேல் இறக்குமதி செய்யும் இந்நாடு, 2030க்குள் தன் சத்துணவுத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்பது என 2019இல் குறிக்கோள் வகுத்தது. 2020இல் 3 கோடி வெள்ளியும் 2021இல் 6 கோடி வெள்ளியும் பண்ணைகளின் உற்பத்தித் திறனைப் பெருக்க ஒதுக்கப்பட்டன. நோக்கம் நன்று, பணமும் சிறிதன்று. ஆனால் அப்பணம் பெரிதும் தொடரின் ஒரு முனைக்கே சென்றது.

மறுமுனையில் நடந்தது என்ன? குவீன்ஸ்டவுனில் பழைய சிறை இருந்த ஜாலான் பெஞ்சாரா நிலத்தில் 2017இல் சிட்டிசன் ஃபார்ம் என்னும் நகரப் பண்ணை தோன்றியது. இத்தகைய பண்ணைகளின் கீரைக்கு உணவகங்கள் முக்கிய வாடிக்கையாளர்கள். 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 18 வரை உணவகங்களில் அமர்ந்து உண்ணத் தடை இருந்தது. மக்கள் உண்பதை நிறுத்தவில்லை. தேவை உணவகத்தை விட்டு வீட்டுக்கு இடம் பெயர்ந்தது. விற்போர் ஒருவரே எனக் கொள்ளும் கணக்கு இப்பெயர்ச்சியைக் காண்பதில்லை. அறுத்த கீரையோ அடுத்த வாரம்வரை காத்திராது.

வீட்டுக்கு வந்த தேவையும் நிலைக்கவில்லை. தேக்கா சந்தையில் மலேசியக் கீரை மலிவாகக் கிடைக்கும்போது, விளக்கொளியிலும் குளிரூட்டியிலும் வளர்ந்த கீரைக்கு இல்லத்தரசி ஏன் கூடுதல் விலை தருவார்? மின்சாரமும் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவால் ஆவதாகையால், அக்கீரையின் பசுமையே ஆராய்தற்குரியது. 2023இல் நாட்டு முட்டை நம் நுகர்வில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருக்க, நாட்டுக் காய்கறி நூற்றுக்கு 3 பங்கு அளவிலேயே நின்றது. முட்டைக்கு வாங்குவோர் இருந்தனர். கீரைக்குப் போதிய அளவில் இல்லை.

உள்ளூர் விளைபொருளைக் குறிப்பிட்ட அளவேனும் கொள்முதல் செய்யும் உணவகங்களுக்கு அடையாளச் சின்னம் தரும் திட்டம் 2023இல்தான் வந்தது. 2025 நவம்பரில் பழைய குறிக்கோள் கைவிடப்பட்டு, 2035க்குள் நார்ச்சத்துணவில் 20 விழுக்காடு, புரதவுணவில் 30 விழுக்காடு எனப் புதியது வகுக்கப்பட்டது.

உற்பத்தி பெருகினால் விலை தானே இறங்கும் என்பார் வாதத்தைத் தள்ளிவிட இயலாது. ஆனால் விலை இறங்கும்வரை பண்ணை உயிரோடிருக்க வேண்டுமன்றோ? மருத்துவமனை, பள்ளி, படைமுகாம் ஆகியவற்றுக்கு ஆண்டு முழுவதும் குறித்த அளவு வாங்குவதாக அரசே உறுதி தருமாயின், அதுவும் மானியமே, வரிப்பணமே. எனினும் விளக்கு வாங்கத் தரும் வெள்ளி பண்ணையைத் தொடங்கிவைக்கும். கீரை வாங்கத் தரும் வெள்ளியே அதனை நிலைநிறுத்தும். புதிய குறிக்கோளை வகுத்தோர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும்.