மனுசங்கடா: ஒரு குரலும் நமது கைதட்டலும்

கே.ஏ. குணசேகரனை 'நாட்டுப்புறப் பாடகர்' என்று சொல்லி முடித்துக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. நாட்டுப்புறம் என்றதுமே மண்வாசனை பேசுகிறார்கள் நம் அறிவுஜீவிகள். அது சாதியைத் துடைத்தெடுத்த கட்டமைப்பு. பாகூர், வில்லியனூர் வயலில் நடவுப்பாட்டு பாடின பொம்பளைக்குக் கூலி எவ்வளவு, தண்ணி எதில ஊத்தினாங்கன்னு எவனும் கேக்கிறதில்லே.

மாரந்தையில் 1955இல் பிறந்த குணசேகரன் கேட்டார். இன்குலாபின் 'மனுசங்கடா' அவர் தொண்டைக்கு வந்ததும் கூட்டத்தின் சொத்தாயிற்று. எழுதியவர் பெயர் தெரியாதவர்களும் பாடினார்கள். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியரான பிறகும் அவர் 'தன்னானே' குணசேகரன்தான். 2005இல் 'வடு' எழுதினார். பாட்டுக்குப் பின்னாலிருந்த வாழ்க்கை அதில் இருக்கிறது.

2016 ஜனவரியில் அவர் போனார், டிசம்பரில் இன்குலாப். இப்போது அஞ்சலி மேடைகளில் அதே பாட்டுக்குக் கைதட்டுகிறோம். கைதட்டினா கேள்வி தீர்ந்துடுமா? ஊருக்கும் சேரிக்கும் நடுவில் அது இன்னும் நிற்கிறது.