தாளில் ஏறிய வாய்மொழி: ‘வீழும் வானம்’ பற்றிய ஒரு நோக்கு

பிரேசிலின் அமேசன் வனத்தில் வாழும் யானோமாமி மக்களின் தலைவரும் மருளாடியுமாகிய டாவி கோபெனாவா தம் தாய்மொழியிற் கூறியவற்றை, பிரெஞ்சு மானிடவியலாளர் புரூஸ் அல்பேர்ட் ஒலிப்பதிவு செய்து, மொழிபெயர்த்து, ஒழுங்குபடுத்தியதன் விளைவே ‘வீழும் வானம்’ என்னும் நூலாகும். 2010இல் பிரெஞ்சிலும் 2013இல் ஆங்கிலத்திலும் வெளிவந்த இதனை வாழ்க்கை வரலாறாகவோ இனவரைவியற் சான்றாகவோ மட்டும் கொள்ளுதல் போதியதன்று என்பது நமது கருத்து.

கோபெனாவா இந்நூலில் தரவு வழங்குபவராக அன்றி, வாதம் புரிபவராகவே பேசுகின்றார். 1967இல் வெளியாரால் பரவிய சின்னமுத்து நோய்க்குத் தாயைப் பறிகொடுத்தவர் அவர். பின்னர் அரசின் பழங்குடி நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து வெள்ளையர் வழக்கங்களை அறிந்தார். மாமனாரிடம் தீட்சை பெற்று மரபறிவையும் கற்றார். 1980களின் பிற்பகுதியிற் பொன் அகழ்வோர் பல்லாயிரவர் யானோமாமி நிலத்துட் புகுந்தபோது நோய்கள் பெருகின. நிலத்தடிக் கனிமங்களை அகழ்வதால் எழும் ‘ஷவரா’ என்னும் கொள்ளைநோய்ப் புகையே மக்களை அழிக்கின்றது என்பது அவரது விளக்கம். இதனைப் புராணக் கற்பனை என ஒதுக்குதல் எளிது. ஆயின், அகழ்வு, காடழிவு, நோய், பொருட்பேராசை ஆகியவற்றை ஒரே காரணத் தொடரிற் பிணைக்கும் இவ்விளக்கம், அவற்றைத் தனித்தனித் துறைகளாகப் பிரித்தே நோக்கப் பழகிய நமது ஆய்வுமுறையின் குறையைச் சுட்டி நிற்கின்றது.

இங்கு ஒரு வினா எழுதல் இயல்பே. தாளைத் ‘தோல்’ எனக் குறிப்பிட்டு, எழுத்தை மறதியுடையோரின் துணையாகக் கருதும் ஒருவர் நூலாக்கத்துக்கு இசைந்தது ஏன்? வெள்ளையர் எழுத்துக்கே செவிசாய்ப்பர் என்பதை அவர் உணர்ந்திருந்தார். நூலில் ‘நான்’ என ஒலிக்கும் குரல் முற்றிலும் அவருடையதன்று என்பதையும் நாம் மறுத்தற்கில்லை. பல்லாண்டுப் பதிவுகளை ஒரே கூற்றாக இணைத்தவர் அல்பேர்ட். பேச்சின் ஓசையும் சூழலும் அச்சில் வாரா. ஆயினும் தமது பங்கினை அவர் நூலிறுதியில் ஒளிவின்றி விரித்துரைக்கின்றார். இந்நேர்மை வாசகரை விழிப்புடன் கற்கச் செய்கின்றது.

1992இல் ஏறத்தாழ 96,000 சதுர கிலோமீற்றர் நிலம் யானோமாமியருக்கெனச் சட்டப்படி எல்லையிடப்பட்டது. எனினும் 2023 ஜனவரியில், சட்டவிரோத அகழ்வின் விளைவாக, அங்கு சுகாதார அவசரநிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. எனவே கோபெனாவாவின் வாதம் பழங்கதையாகிவிடவில்லை. வாய்மொழி மரபினை ஆராய்வோர் இந்நூலைச் சான்றுத் தொகுதியாக மட்டுமன்றி, தம் அறிவுமுறை மீதான ஒரு விமர்சனமாகவும் கற்றல் வேண்டும் என்பதே நமது துணிபு.