குழந்தைகளின் மலச்சிக்கல்: பாரசீக மரபு மருத்துவமும் தருமபுரி வீட்டு வைத்தியமும் – ஒரு திறனாய்வு

அறிமுகம்

பாரசீக மரபு மருத்துவம் தமிழ்நாட்டுக்கு யுனானி என்ற பெயரில் அறிமுகமானது. சென்னை அரும்பாக்கத்தில் 1979 முதல் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. தருமபுரி மாவட்டச் சிற்றூர்களிலோ குழந்தைக்கு மலம் இறுகினால் முதலில் கைக்கு வருவது விளக்கெண்ணெயும் உரைமருந்தும்தான். இவ்விரு மரபுகளும் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. இரண்டின் பலமும் குறையும் ஏறத்தாழ ஒரே இடங்களில்தான் இருக்கின்றன.

கோட்பாடு

அல்-ராசி (865–925) குழந்தை நோய்களுக்கெனத் தனி நூல் எழுதியவர். இப்னு சீனா (980–1037) தமது ‘கானூன்’ நூலின் முதல் பகுதியிலேயே குழந்தை வளர்ப்பைப் பேசுகிறார். இம்மரபில் ஒவ்வொரு உடலுக்கும் ‘மிசாஜ்’ எனும் இயல்பு உண்டு. வெப்பமும் வறட்சியும் மிகும்போது மலம் இறுகும் என்பது அதன் விளக்கம். ‘உடம்பு சூடாகிவிட்டது’ என்று தருமபுரிப் பாட்டி சொல்வதும் இதைத்தான். உணவை மாற்று, நெய்ப்புப் பொருள் கொடு, பின்னரே மருந்து என்ற வரிசை இரு மரபுக்கும் பொது. இந்த வரிசை இன்றும் மதிக்கத்தக்கது.

சரக்கொன்றை: ஒரு சான்று

தருமபுரியின் காடுகளில் மஞ்சளாய்ப் பூத்துக் குலுங்கும் சரக்கொன்றை இரு மரபுகளும் பயன்படுத்தும் மரம். அதன் காய்க்குள் இருக்கும் கரிய சதையைச் சித்த மருத்துவம் கொன்றைப் புளி என்கிறது. யுனானியில் அது கியார் ஷம்பர். குடலைப் பிசையும் அதன் இயல்பைத் தணிக்க வாதுமை எண்ணெய் சேர்ப்பது யுனானி வழக்கம்.

2012-இல் வெளியான ஈரானிய ஆய்வு ஒன்றில், 4 முதல் 13 வயதுள்ள 81 குழந்தைகளிடம் கொன்றைக் குழம்பும் கனிம எண்ணெயும் ஒப்பிடப்பட்டன. மூன்று வாரங்களில், கொன்றை பெற்றவர்களில் 84 விழுக்காட்டினர் மலச்சிக்கல் வரையறையைவிட்டு வெளியேறினர். கனிம எண்ணெய் பெற்றவர்களில் 50 விழுக்காட்டினரே வெளியேறினர். ஊக்கம் தரும் முடிவுதான். ஆனால் குழந்தைகளின் மலச்சிக்கல் மாதக்கணக்கில் நீடித்து, நின்றபின் மீண்டும் திரும்புவது. மூன்று வாரம் அதற்குப் போதாது. கொன்றைச் சதையில் உள்ள ஆந்த்ராகுயினோன் குடலைத் தூண்டும் பொருள். நிலாவாரையில் இருப்பதும் அவ்வகையே. ஆகவே ‘இயற்கை, எனவே பாதுகாப்பு’ என்ற வாதம் நிற்காது. அளவு தெரியாமல் வீட்டில் காய்ச்சிக் கொடுத்தால் வயிற்றுப்போக்கும் நீரிழப்பும் வரலாம்.

மரபு தவறும் இடங்கள்

முதலாவது, கைக்குழந்தை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, முதல் மாதம் கடந்தபின், சில நாட்கள் மலம் கழிக்காமலேயே நலமாக இருக்கும். மலம் இளகியிருந்தால் அது மலச்சிக்கல் அன்று. அதற்கு விளக்கெண்ணெய் புகட்டுவது தேவையற்றது. எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் அழற்சி ஏற்படும்.

இரண்டாவது, தேன். பாரசீக மரபு தேனைப் போற்றுகிறது. இங்கே பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும் வழக்கமும் உண்டு. ஒரு வயதுக்குட்பட்டோருக்குத் தேன் வழியாக பொட்டுலிசம் எனும் நச்சுநோய் வரலாம். அந்நோயின் முதல் அறிகுறிகளில் ஒன்று மலச்சிக்கலே என்பதுதான் கொடுமை.

மூன்றாவது, நோயறிதல். பிறந்து 48 மணி நேரத்தில் முதல் மலம் வெளியேறாத குழந்தைக்குக் குடலில் நரம்பணுக்கள் இல்லாத ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் இருக்கலாம். தைராய்டு சுரப்புக் குறைவும் மலத்தை இறுக்கும். சூடு, வறட்சி என்ற விளக்கங்கள் இவற்றைப் பிரித்துக் காட்டா. வயிற்று உப்பசம், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், எடை கூடாமை ஆகியவை தெரிந்தபின்னும் மருந்து உரைத்துக் காத்திருப்பது உயிருக்கே ஆபத்து.

நவீன அறிவுரையும் உள்ளூர் நிலையும்

2014-ஆம் ஆண்டின் ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தை இரைப்பை-குடல் மருத்துவச் சங்கங்களின் வழிகாட்டி பாலிஎத்திலீன் கிளைக்காலை முதல் மருந்தாகவும், அது கிடைக்காதபோது லாக்டுலோசையும் பரிந்துரைக்கிறது. இயல்பான அளவுக்கு மேல் நாரும் நீரும் கொடுப்பதால் பயன் உண்டு என்பதற்குச் சான்றில்லை என்றும் அது கூறுகிறது. ‘நிறையத் தண்ணீர் குடி’ என்பது மட்டும் மருத்துவம் ஆகாது என்பதே இதன் பொருள். அதேவேளை இயல்பான அளவு நீராவது குழந்தைக்குக் கிடைக்க வேண்டும். தருமபுரியில் அதுவே நெடுங்காலச் சிக்கல்; நிலத்தடி நீரின் ஃபுளோரைடு காரணமாகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. பள்ளிக் கழிப்பறை தூய்மையாக இல்லாவிட்டால் குழந்தை மலத்தை அடக்கும். அடக்கிய மலம் இறுகும், இறுகியது வலிக்கும், வலிக்குப் பயந்து மீண்டும் அடக்கும். இந்தச் சுழலைக் கொன்றையும் உடைக்காது, கிளைக்காலும் தனியாக உடைக்காது.

முடிவு

கேழ்வரகுக் களியும் கீரையும் பழமும் உள்ள உணவு, உணவுக்குப் பின் அவசரமின்றிக் கழிப்பறையில் உட்காரும் பழக்கம், அதட்டாத பெற்றோர் ஆகியவை எந்த மருத்துவ முறைக்கும் அடிப்படை. பாரசீக மரபின் உணவு ஒழுங்கு ஏற்கத்தக்கது. அதன் மருந்துகள் நீண்டகால ஆய்வுக்குக் காத்திருக்கின்றன. கைக்குழந்தை விஷயத்தில் மட்டும் காத்திருக்க இடமில்லை. அங்கே உரைகல்லுக்கு முன் மருத்துவரே வர வேண்டும்.