சாகாவரமும் குற்றப்புலனாய்வும்: 'ஃபார்எவர்' தொலைக்காட்சித் தொடர் குறித்த ஒரு மதிப்பீடு

சாகாவரம் பெற்ற துப்பறிவாளன் என்னும் கதைக்கரு வட அமெரிக்கத் தொலைக்காட்சிக்குப் புதியதன்று. 2014 செப்டம்பரில் ஏபிசி அலைவரிசையில் தொடங்கிய 'ஃபார்எவர்' தொடரை, ஃபாக்ஸ் 2008இல் ஒளிபரப்பிய 'நியூ ஆம்ஸ்டர்டாம்' தொடரின் மறுவடிவம் எனக் கொள்ள இடமுண்டு. இரண்டின் களமும் நியூயார்க். இரண்டிலும் நாயகனின் இரகசியம் அறிந்தவர், தந்தையைவிட முதியவராகத் தோன்றும் மகன். எனினும், சாகாவரம் புலனாய்வுக்கு எவ்வகையில் இன்றியமையாததாகிறது என்னும் வினாவை முன்வைத்தால் இத்தொடர்கள் தம்முள் வேறுபடுகின்றன.

டொரான்டோவைக் களமாகக் கொண்ட 'ஃபார்எவர் நைட்' (1992-1996) தொடரின் நாயகன் இரத்தக்காட்டேரி. பல நூற்றாண்டுகள் கொன்று வாழ்ந்தவன். குற்றம் துலக்குவது அவனுக்குக் கழுவாய். ஆதலின் கடந்தகாலக் காட்சிகள் வழக்கோடு ஒட்டி நிற்கின்றன. 'நியூ ஆம்ஸ்டர்டாம்' நாயகனோ உண்மைக் காதலைக் கண்டால் முதுமை எய்துவான். அதுவரை அவனுக்கு வழக்குகள் காத்திருப்பின் பொழுதுபோக்கே. எட்டே பகுதிகளில் நின்றுபோன தொடரை இதற்குமேல் கடிந்துகொள்வது முறையன்று.

'ஃபார்எவர்' நாயகன் ஹென்றி மார்கன் பிணக்கூறாய்வு மருத்துவன். இறந்ததும் அவன் உடல் மறைந்து, அருகிலுள்ள நீர்நிலையில் உயிர்த்தெழும். முதற்பகுதியில், ஒரு கொலையில் பயன்பட்ட நஞ்சை ஆராய அதைத் தன் உடலிலேயே செலுத்திக்கொள்கிறான். சாவே ஆய்வுமுறையாகும் இக்காட்சிக்கு நிகரானது பிற தொடர்களில் இல்லை. ஆனால் 22 பகுதிகளில் இம்முறை பெரிதும் கைவிடப்படுகிறது. ஷெர்லாக் ஹோம்ஸ் பாணி ஊகங்கள் அவ்விடத்தைப் பிடிக்கின்றன. கூர்மதி படைத்த எந்த மனிதனுக்கும் அவை இயலும். இது தொடரின் பெருங்குறை.

மற்றொரு குறையும் உண்டு. 1814இல் அடிமைக் கப்பலொன்றில், ஓர் அடிமையைக் காக்க முனைந்து ஹென்றி சுடப்படுகிறான். அவன் தொடக்கத்திலேயே குற்றமற்றவன். 'ஃபார்எவர் நைட்' நாயகனுக்குள்ள கடன் இவனுக்கில்லை. அடிமை வணிகம் என்னும் பெருங்கொடுமை இங்கு ஒரு நல்லவனின் வரலாற்றுக்கு முகப்பாகச் சுருங்குகிறது.

இக்குறைகளை ஈடுசெய்பவர் மகன் ஏப். ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து மீட்கப்பட்ட குழந்தை. ஹென்றியும் அபிகெயிலும் வளர்த்தனர். இன்று பழம்பொருள் வணிகரான அம்முதியவர், இளமை மாறாத தந்தையுடன் ஒரே வீட்டில் வாழ்கிறார். அவருக்குச் சமைக்கிறார், அவரைக் கடிந்தும்கொள்கிறார். 'நியூ ஆம்ஸ்டர்டாம்' தொடரின் ஒமர் மதுக்கூடத்தில் சந்திக்கப்படும் ஆலோசகர். ஏப்போ ஒவ்வொரு நாளும் உணவு மேசையில் எதிரே அமர்ந்திருக்கும் கெடு. ஜட் ஹிர்ஷின் நடிப்பு இதை மிகையின்றி உணர்த்துகிறது. முதுமை வெளிப்பட்ட பின் அபிகெயில் பிரிந்துசென்றதும் இதே வேதனையின் மறுபக்கம். ஈராயிரம் ஆண்டு வாழ்ந்த ஆடம் என்னும் எதிர்நாயகனுக்கு இத்தகைய உறவு எதுவுமில்லை. ஏப் இல்லாத ஹென்றி எத்தகையவன் ஆவான் என்பதற்கு அவனே சான்று. வழக்குகளைவிட இம்மூவரின் உறவிலேயே தொடரின் சிந்தனை இயங்குகிறது.

இறுதிப் பகுதியில், பழைய நிழற்படத்துடன் வாயிலில் நிற்கும் துப்பறிவாளர் ஜோவிடம் உண்மையைச் சொல்லுமாறு ஏப் தந்தையைத் தூண்டுகிறார். ஹென்றி பேசத் தொடங்குகிறான். 2015 மே மாதத்தில் ஏபிசி தொடரை நிறுத்திவிட்டது.