ஏரியைப் பார்க்காத மேசை

லேக் டிஸ்ட்ரிக்டில் நன்றாகச் சாப்பிட ஆசைப்படுகிறவர் முதலில் ஏரி தெரியும் ஜன்னலோர மேசையை மறந்துவிட வேண்டும். விண்டர்மியர் ஏரிக்கரையில் பாதிக் காசு காட்சிக்குப் போய்விடுகிறது. தட்டில் வருவது லண்டனிலும் கிடைக்கும், பர்மிங்காமிலும் கிடைக்கும். இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், கம்ப்ரியாவுக்குள் அடங்கிய இந்த மலைநாடு 1951இல் தேசியப் பூங்காவானது. 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்துக்காக வருகிறார்கள், மலை ஏற வருகிறார்கள். வாய்க்கு ருசியாகச் சாப்பிட என்றே வருகிறவர்கள் கொஞ்சம்பேர்தான். அந்தக் கொஞ்சம்பேருக்கு நான் சொல்வது இதுதான்: மலையையும் துறைமுகத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள். மலை கொடுத்தது செம்மறிக் கறி. துறைமுகம் கொடுத்தது மிளகு, இஞ்சி, ஜாதிக்காய், சர்க்கரை, ரம். இவை தெரிகிற தட்டுதான் கம்ப்ரியாவின் தட்டு.

மலையிலிருந்தே தொடங்குவோம். ஹெர்ட்விக் என்று ஒரு செம்மறி இனம். குட்டி பிறக்கும்போது கன்னங்கரேல் என்றிருக்கும். ஒரு வயதில் பழுப்பேறும். பிறகு உடம்பெல்லாம் சாம்பல், முகம் மட்டும் வெள்ளை. ரோமம் முரடு, பெரிதாக விலை போகாது. ஆனால் மழையும் பனியும் அதை ஒன்றும் செய்வதில்லை. இந்த ஆடுகள் மேயும் மேட்டுநிலத்தில் பெரும்பாலும் வேலி கிடையாது. தாய் மேய்ந்த சரிவைக் குட்டி பழகிக்கொள்ளும், அதைவிட்டு அகலாது. 2001இல் கோமாரி நோய் பரவி, நாட்டிலேயே கம்ப்ரியா அதிகமாக அடிபட்டபோது இங்கிருந்த விவசாயிகள் நடுங்கியது இதற்காகத்தான். ஆடு போனால் ஆடு வாங்கலாம். இடம் பழகிய மந்தையை எந்தச் சந்தையில் வாங்குவது?

பீட்டர் ராபிட் கதைகள் எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டர், பிற்காலத்தில் கதைகளைவிட இந்த ஆடுகளோடுதான் அதிகமாக மல்லுக்கட்டினார். 1943இல் அவர் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்புக்கு எழுதிவைத்தார். மலைப் பண்ணைகளில் கலப்பில்லாத ஹெர்ட்விக் மந்தையே மேய வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. கறியை ருசிக்கிறவர்கள் அந்த அம்மாளுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஹெர்ட்விக் மெதுவாக வளரும் ஆடு. ஈஸ்டருக்கு வெந்தும் வேகாத இளங்குட்டிக் கறி தேடுகிறவர்களுக்கு அது தோதுப்படாது. ஓராண்டைத் தாண்டிய ஹாகெட், அதற்கும் மூத்த மட்டன், இவைதாம் அதன் அழகு. கறி கருஞ்சிவப்பாக இருக்கும். காட்டு இறைச்சியின் வாடை லேசாக அடிக்கும். அந்த வாடை பிடிக்காதவர்கள் கோழி சாப்பிடட்டும். 2013 முதல் ‘லேக்லேண்ட் ஹெர்ட்விக்’ என்ற பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு உண்டு. மெனுவில் வெறுமனே ‘லேம்ப்’ என்று போட்டிருந்தால் எந்தப் பண்ணை என்று கேளுங்கள். நல்ல கடையில் பரிமாறுகிறவருக்கு அது தெரிந்திருக்கும்.

இந்தக் கறிக்கு ஏற்ற பதம் என்று நான் நினைப்பது டேட்டி பாட். அகன்ற பாத்திரத்தில் எலும்போடு கறி, வெங்காயம், பன்றி ரத்தத்தில் செய்த பிளாக் புட்டிங் வில்லைகள், எல்லாவற்றுக்கும் மேலே தடிமனாக நறுக்கிய உருளைக்கிழங்கு. அப்படியே ஓவனுக்குள் தள்ளி, மணிக்கணக்கில் மறந்துவிட வேண்டும். வெளியே வரும்போது கிழங்கின் மேல்பக்கம் முறுகிச் சிவந்திருக்கும், அடிப்பக்கம் ஆட்டுக் கொழுப்பைக் குடித்துக் குழைந்திருக்கும். பிளாக் புட்டிங் பாதி கரைந்து குழம்பைக் கெட்டியாக்கியிருக்கும். பக்கத்து லங்காஷயரின் ஹாட்பாட்டிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது அந்தக் கறுப்பு வில்லைதான். கூடவே வினிகரில் ஊறிய சிவப்பு முட்டைக்கோஸ் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் நான்காவது வாயில் திகட்டும். பெரிய உணவகங்களில் இதைத் தேடாதீர்கள். சிறு ஊர்களின் பப்களில், கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிய அன்றைய சிறப்பில் இருந்தால் இருக்கும். அப்படி எழுதியிருந்தால் மற்ற எதையும் படிக்க வேண்டாம்.

இனித் துறைமுகம். 18ஆம் நூற்றாண்டில் கம்ப்ரியாவின் ஒயிட்ஹேவன் இங்கிலாந்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. வர்ஜீனியாவின் புகையிலையும் கரீபியத் தீவுகளின் சர்க்கரையும் ரம்மும் இங்கே வந்து இறங்கின. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் அடிமைகள். ஒயிட்ஹேவனிலிருந்தே அடிமைக் கப்பல்களும் போயிருக்கின்றன. கம்ப்ரியாவின் இனிப்பு வகைகளைப் புகழும்போது இதைச் சொல்லாமல் விடக்கூடாது. மொச்சையும் உருளைக்கிழங்குமாகச் சாரமற்றது என்று நாம் கேலி செய்யும் ஆங்கிலச் சமையலுக்கு இந்த ஒரு மூலையில் மசாலா வாசம் வந்த கதையும் அதுதான். வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை, ரம், ஜாதிக்காய் சேர்த்து அடித்த ரம் பட்டரைக் குழந்தை பிறந்த வீட்டில் கொடுப்பது இங்கே வழக்கமாக இருந்தது. பேரீச்சம்பழமும் இஞ்சியும் ரம்மும் போட்ட ரம் நிக்கி என்ற டார்ட் இன்னமும் உண்டு. கம்பர்லேண்ட் சாசேஜ் மிளகு தூக்கலாக, கறி கொரகொரப்பாக, முடிச்சில்லாமல் ஒரே சுருளாக வர வேண்டும். 2011இல் கிடைத்த பாதுகாப்பின்படி குறைந்தது 80 சதவீதம் கறி இருக்க வேண்டும்.

கிராஸ்மியரில் வேர்ட்ஸ்வொர்த்தின் கல்லறைக்குச் சில அடி தள்ளி, தேவாலய வாசலை ஒட்டி ஒரு குட்டிக் கடை. சாரா நெல்சன் 1854இல் தொடங்கிய ஜிஞ்சர்பிரெட் அங்கே இன்றும் விற்பனையாகிறது. பிஸ்கட்டும் இல்லை, கேக்கும் இல்லை. கடித்தால் மேலே மணல்போல உதிரும், உள்ளே மெல்ல வேண்டியிருக்கும், விழுங்கிய பிறகு தொண்டையில் இஞ்சி காந்தும். வரிசையில் நிற்பது வீண்போகாது. கெண்டல் மின்ட் கேக்கை மட்டும் விட்டுவிடலாம். 1953இல் எவரெஸ்ட்டுக்கே போனதாக இருக்கட்டும், அது புதினா வாசமடிக்கும் சர்க்கரைக் கட்டி.

தெற்கே மோர்காம் விரிகுடா. கடல் வற்றும்போது மைல்கணக்கில் மணல் தெரியும். திரும்பி ஏறும் வேகமும் புதைமணலும் ஆளை விழுங்கிவிடும் என்பதால், கடப்பதற்கு அரசு நியமித்த வழிகாட்டி உண்டு. 1963 முதல் 2019 வரை அந்தப் பொறுப்பில் இருந்த செட்ரிக் ராபின்சனுக்கு ஆண்டுச் சம்பளம் 15 பவுண்டு. இந்த மணலில் ஃப்ளூக்பரோ மீனவர்கள் முன்பு குதிரை வண்டியில் வலை இழுத்தார்கள், பிறகு டிராக்டரில். சிக்குவது பொடி இறால். சுடச்சுட அவித்து, ஒவ்வொன்றாக உரித்து, ஜாதிபத்திரியும் கொஞ்சம் மிளகாய்ப் பொடியும் சேர்த்த வெண்ணெயில் முக்கிச் சின்னக் கிண்ணத்தில் அடைத்தால் பாட்டட் ஷ்ரிம்ப். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு கொண்டுவந்து வைத்தால் ஏமாற்று வேலை. வெண்ணெய் இளக வேண்டும். சூடான ரொட்டியில் தடவும்போது ஜாதிபத்திரி வாசம் முதலில் வந்து, இறாலின் தித்திப்பு பின்னால் வர வேண்டும்.

விரிகுடாவுக்குப் பக்கத்தில்தான் கார்ட்மெல். பழைய கொல்லுப்பட்டறை ஒன்றில் சைமன் ரோகன் 2002இல் திறந்த லாங்க்ளூம், 2022இல் மூன்றாவது மிஷலின் நட்சத்திரம் வாங்கியது. இங்கிலாந்தின் வடபகுதியில் அதுவே முதல். காய்கறிகளும் கீரைகளும் பள்ளத்தாக்கிலேயே உள்ள சொந்தப் பண்ணையிலிருந்து வருகின்றன. ஒரு கிழங்கை ஆட்டுக்கறிக்குச் சமமாக மரியாதை கொடுத்துச் சமைப்பதுதான் அங்குள்ள கலை. இரவுச் சாப்பாட்டுக்குப் பெரிய தொகை ஆகும். பையில் காசு இருப்பவர்கள் போகலாம். எனக்கு ஆம்பிள்சைடின் ஓல்ட் ஸ்டாம்ப் ஹவுஸ் இன்னும் நெருக்கம். வேர்ட்ஸ்வொர்த் முத்திரைத்தாள் அதிகாரியாக வேலை பார்த்த கட்டடம் அது. ஹெர்ட்விக்கும் பொடி இறாலும் ஒயிட்ஹேவன் மசாலாவும் அந்தச் சமையலில் ஒரே கதையாக வருகின்றன. செப்டம்பரில் போனால் லித் பள்ளத்தாக்கில் டாம்சன் பழுத்திருக்கும். புளிப்பும் துவர்ப்புமான சிறு பிளம் அது. ஜின்னில் ஊறப்போட்டால் குணமே மாறிவிடும். கிராஸ்த்வெயிட்டின் பஞ்ச் பௌல், அந்தப் பள்ளத்தாக்கில் கொஞ்சம் உட்கார்ந்து சாப்பிடத் தோதான இடம்.

டெபே பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள். எம்6 நெடுஞ்சாலையின் ஓய்விடம் அது. நெடுஞ்சாலை மோட்டல் என்றதும் நம் வெளியூர்ப் பேருந்துகள் நள்ளிரவில் நிற்கும் இடங்களும் ஆறிப்போன பரோட்டாவும் நினைவுக்கு வரும். இது அப்படியல்ல. சாலை தங்கள் பண்ணையை வெட்டிக்கொண்டு போனபோது, இங்கிருந்த ஒரு மலை விவசாயக் குடும்பம் 1972இல் சாலையோரத்திலேயே கடை போட்டது. இன்று அங்கே கறிக்கடையே இருக்கிறது. ஹெர்ட்விக் வாங்கிக் காரில் வைத்துக்கொண்டு போகலாம்.

ஸ்டிக்கி டாஃபி புட்டிங் பற்றி வாக்குவாதம் உண்டு. அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் 1948இல் ஷேரோ பே ஓட்டலைத் தொடங்கிய ஃபிரான்சிஸ் கோல்சனால் அது புகழ் பெற்றது. அவருக்கே அது லங்காஷயர் பெண்மணி ஒருவரிடமிருந்து வந்ததாகவும் சொல்வார்கள். கார்ட்மெல் கிராமக் கடையில் விற்கும் புட்டிங்கைச் சாப்பிட்டுப் பார்த்தால் வாக்குவாதத்தில் அக்கறை போய்விடும். கடைசியாக ஒன்று: கிராமத்துப் பப்களில் எட்டரை, ஒன்பது மணிக்குச் சமையலறையை மூடிவிடுவார்கள். நம் ஊர்க் கணக்கில் ஒன்பதரைக்குப் பசியோடு நுழைந்தால் பீரும் ஒரு பொட்டலம் சிப்ஸும்தான்.